பூச்சிக் குடிலைக் குளிர்காலத்தில் கராஜுக்குள் வைக்கலாமா?

ஏழாலையான்:
"கறிவேப்பிலைக் கன்றை உள்ளே எடுப்பதுபோலப் பூச்சிக் குடிலையும் கராஜுக்குள் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் தேனீக்கள் விறைத்துச் செத்துவிடும்" என்று செம்பருத்தி அக்கா எழுதியதற்குப் பலர் நன்றி தெரிவித்திருப்பதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. பூச்சிக் குடில் என்பது தேனீக்கள் கூடு கட்டுவதற்கென்று குழாய்களை அடுக்கித் தோட்டத்தில் வைக்கும் பெட்டி. கறிவேப்பிலை வெப்பநாட்டுச் செடி. அந்தக் குழாய்களுக்குள் மண்ணால் அறை கட்டும் மேசன் தேனீயோ கனடாவின் ஒன்ராறியோக் குளிரிலேயே பிறந்து வளர்ந்த உயிர். அது இலையுதிர் காலத்திலேயே முழுத் தேனீயாகி, பட்டுக்கூட்டுக்குள் உறங்குகிறது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்புத்தான் வசந்தம் வரைக்கும் அதற்கு ஆதாரம். சூடு கூடக்கூட அந்தக் கொழுப்பு விரைவாகக் கரைந்துபோகும். கராஜில் வைத்தால், பூக்கள் மலருமுன்பே வெளியே வந்து பட்டினியால் சாகும்.

செம்பருத்தி:
தம்பி, உங்களுக்கு மட்டுந்தான் பூச்சிகள் மேல் இரக்கம் உண்டு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேசன் தேனீ வளர்ப்பவர்கள் இலையுதிர் காலத்தில் பட்டுக்கூடுகளைப் பிரித்துக் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் ஏறக்குறைய 2 முதல் 4 பாகை செல்சியஸில் வசந்தம் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். மேற்கு மாகாணங்களில் அல்பால்பா என்ற தீவனப் பயிர் வயல்களுக்குரிய இலைவெட்டித் தேனீக்களும் குளிர்காலத்தைக் கட்டடத்துக்குள்தான் கழிக்கின்றன. அவர்களெல்லாம் அறியாதவர்களா?

பூவரசு:
கராஜ் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வீட்டோடு ஒட்டிய, சூடேற்றப்பட்ட கராஜா, தனியாக நிற்கும் குளிர்ந்த கராஜா?

ஏழாலையான்:
அக்கா, குளிர்சாதனப் பெட்டி வேறு, கராஜ் வேறு. பெட்டியில் வெப்பநிலை நிலையாக இருக்கும். ஈரப்பதனையும் அவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். கராஜில் கார் வந்து நிற்கும்போதும் மாசி மாதத்து வெயில் கதவில் படும்போதும் சூடு ஏறி இறங்கும். தேனீயைக் கொல்வது குளிரன்று. காலம் தவறி வரும் சூடும், ஈரமும், பழைய குழாய்களில் பெருகும் மகரந்தச் சிற்றுண்ணிகளுமே கொல்கின்றன.

கொழுந்து:
குடிலே எதற்கு என்பது என் கேள்வி. ரொறொன்ரோவில் மூன்றாண்டுகள் ஏறக்குறைய 600 தேனீக் குடில்களைக் கண்காணித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்த் தேனீக்களைவிடக் குளவிகளே அதிகம் குடியேறியிருந்தன. தேனீக்களிலும் கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டு இனங்களைச் சேர்ந்தவை. நம் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வாழ்பவை. பம்பிள் தேனீயின் இராணியும் மண்ணைக் குடைந்தே உறங்குகிறது. சருகையும் காய்ந்த தண்டுகளையும் அப்படியே விடுவதுதான் உண்மையான புகலிடம். நீங்களோ சருகையெல்லாம் கடதாசிப் பைகளில் கட்டி வீதியோரம் வைத்துவிட்டு, கராஜைப் பற்றி விவாதிக்கிறீர்கள்.

செம்பருத்தி:
சருகை விட்டால் உண்ணி வரும். பேரப்பிள்ளைகள் விளையாடும் பின்வளவில் உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு இடங்கொடுக்க நான் ஆயத்தமில்லை. போன வருடம் என் தக்காளிப் பந்தலைக் குறை சொன்னவரும் நீங்கள்தான், கொழுந்து. அதை நான் மறக்கவில்லை.

கொழுந்து:
பந்தலை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் கூட்டிவிட்டு, வேலியோரப் பூப்பாத்திகளில் மட்டும் சருகை விடலாமே. அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் அங்கேதான் ஒதுங்குகின்றன. அவற்றைப் பையில் கட்டி அனுப்பிவிட்டு, வசந்தத்தில் மருந்து தேடி அலைவது எந்த வகையில் நியாயம்?

ஏழாலையான்:
சருகைப் பற்றிய விவாதத்தைத் தனியே நடத்துங்கள். இங்கே கேள்வி கராஜ். அக்காவின் பதிவைப் படித்தவர்கள் இன்றிரவே குடிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதுதான் என் கவலை. வெளியே, மழை படாத தாழ்வாரத்தின் கீழ் அசையாமல் கட்டுங்கள். மரங்கொத்தி வந்தால் முன்னால் கம்பிவலை அடியுங்கள். குளிர் அதற்குத் தீங்கு செய்யாது. கராஜ்தான் தீங்கு.

செம்பருத்தி:
என் கராஜில் சென்ற வருடம் வைத்த குழாய்களிலிருந்து சித்திரையில், அப்பிள் மரம் பூத்திருந்த நேரத்தில், தேனீக்கள் வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்த வருடமும் அங்கேதான் வைப்பேன்.

ஏழாலையான்:
எத்தனை குழாய்கள் திறக்காமலே கிடந்தன என்று பிரித்துப் பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள், அக்கா.

செம்பருத்தி:
உங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை எனக்கில்லை.