துக்க வீட்டில் நாம் பேசிய வார்த்தைகள்: ஓர் அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) வேத ஆராய்ச்சி வகுப்பில் சென்ற மாதம் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'உணர்வுசார் நுண்ணறிவு'. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் உளவியலாளர்கள் 1990இல் இதற்கு வரையறை தந்ததையும், டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய நூலுக்குப் பிறகு அது அலுவலகப் பயிற்சி வகுப்புகள் வரை பரவியதையும் குறித்துக்கொண்டு போய், தன் உணர்வை அறிதல், பிறர் உணர்வை அறிதல் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். ஆனால் அந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது எந்த நூலிலும் இல்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

12 ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் படித்த 19 வயதுப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். அடக்க ஆராதனை முடிந்த மாலையில் அவன் தகப்பனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னேன். எனக்கு அப்போது அது சரியான வார்த்தையாகத்தான் தோன்றியது. அவர் ஒன்றும் பேசாமல் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, வீட்டின் பின்கட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 3 ஆண்டுகள், ஆலயத்தில் எதிரெதிரே வந்தாலும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவராகவே என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து முடித்த பின்பு, "அண்ணாச்சி, அந்த வசனத்தை யோபுதான் சொன்னார். வேறொருவர் வந்து யோபிடம் அதைச் சொல்லவில்லை" என்றார். 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாளில் இழந்த யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை நாம் எப்போதும் கேலியாகவே நினைவுகூர்கிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்த காரியம் நான் செய்ததைவிட மேலானது. அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் வாய் திறந்தது 4ஆம் அதிகாரத்தில். கர்த்தரின் கோபம் அவர்கள்மேல் மூள்வதை 42ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கோபம் அவர்கள் பேசிய பேச்சுக்காகத்தான். நான் ஏழு நிமிடங்கள்கூடப் பேசாமல் இருக்கவில்லை.

ஆறுதல் சொல்லப் போய்க் காயப்படுத்திய அனுபவமோ, அப்படிக் காயப்பட்ட அனுபவமோ உங்களில் யாருக்கேனும் இருந்தால், ஊர், ஆள் பெயர் தெரியாதபடி எழுதுங்கள்.


வேலூர், செவிலியர்

ஐயா, எங்கள் பணியில் இது வாரந்தோறும் நடப்பது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளைஞர் இறந்துபோனார். அவருக்கு இரண்டு அக்காமார். மூத்தவர் என்னிடம் வந்து, "சிஸ்டர், ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே விடை கேட்கிறார் என்று தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட நேரத்தில் இருந்த நிலை, இரத்தப் பரிசோதனை முடிவு, டயாலிசிஸ் தொடங்கிய வேளை எல்லாவற்றையும் சொன்னேன். மேற்கொண்டு மருத்துவரிடமும் அழைத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டு, ஓரளவு தெளிந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து இளையவர் வந்து, ஒரு சொல்லும் மாறாமல் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே விளக்கத்தைத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். நிறுத்திவிட்டு, பணி மாறும் நேரம் வரை அவருடன் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு யோவான் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது திடுக்கிட்டேன். சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." 21ஆம் வசனத்தில் மார்த்தாள் சொல்கிறாள்; 32ஆம் வசனத்தில் மரியாள் சொல்கிறாள். மார்த்தாளுக்கு அவர் பதில் பேசுகிறார், உயிர்த்தெழுதலைக் குறித்து உரையாடுகிறார், "இதை விசுவாசிக்கிறாயா" என்று கேட்கவும் செய்கிறார். மரியாளுக்கு அந்த உபதேசத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் அழுகிறதைக் கண்டு கலங்கி, "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவரும் கண்ணீர் விடுகிறார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்பது ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் படிக்காமல் வந்த பிள்ளைகள் ஒப்பித்துத் தப்பிக்கும் வசனம். நானும் அப்படித் தப்பித்தவள்தான். ஒரே வார்த்தைகளைக் கேட்டு, அவற்றைச் சொன்ன இருவர் வேறு வேறு என்று கண்டுகொண்ட இடம் அது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.


தூத்துக்குடி, வணிகர்

மன்னிக்க வேண்டும், எனக்கு இந்தத் தலைப்பே ஒப்பவில்லை. ஆவியின் கனி ஒன்பதையும் கலாத்தியர் 5ஆம் அதிகாரம் சொல்லியிருக்கிறது. நீடியபொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் அதில் இருக்கும்போது, கம்பெனிக்காரர்கள் ஆள் எடுப்பதற்குப் பயன்படுத்தும் ஒரு சொல்லைக் கொண்டுவந்து அதற்கு வசனம் தேடுவது எதற்கு?


மதுரை, வங்கி ஊழியர்

தூத்துக்குடி அண்ணனின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. என் அனுபவம் அதற்கு இன்னும் வலுச் சேர்க்கும் என்றே நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில், கணவரை இழந்த பெண்களின் வீடுகளுக்கு ஒருவர் தவறாமல் போவார். குறுக்கே பேச மாட்டார். எப்போது தலையசைக்க வேண்டும், எப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி ஒரு வீட்டில், கணவரின் வருங்கால வைப்பு நிதியாக வந்த தொகையில் பெரும்பகுதியை ஒரு சீட்டுத் திட்டத்தில் போட வைத்தார். அந்தப் பணம் திரும்பவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சொந்த அண்ணன் தம்பிகூட என்னை அப்படி உட்கார்ந்து கேட்கவில்லை, தம்பி."

2 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், தன் தகப்பன் தாவீது ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்த அப்சலோம் செய்தது இதுவே. விடியற்காலத்தில் எழுந்து பட்டணத்து வாசலில் நிற்கிறான். வழக்கோடு வருகிறவனை நீ எந்த ஊரான் என்று விசாரிக்கிறான். உன் காரியம் நேர்மையானது, ஆனால் உன்னை விசாரிக்க ராஜாவிடத்தில் ஒருவருமில்லை என்கிறான். வணங்க வருகிறவனைக் கை நீட்டித் தழுவி முத்தமிடுகிறான். அப்படி இஸ்ரவேலரின் இருதயங்களைக் கவர்ந்துகொண்டான் என்று வேதம் எழுதிவைத்திருக்கிறது. உணர்வுசார் நுண்ணறிவுக்குத் தேர்வு வைத்தால், தாவீதின் வீட்டில் முதல் மதிப்பெண் அப்சலோமுக்குத்தான் கிடைக்கும். பிறர் மனத்தை அறிகிற திறன் அவனிடம் குறைவில்லாமல் இருந்தது; அறிந்ததை யாருக்காகப் பயன்படுத்தினான் என்பதில்தான் அவன் கெட்டான். ஆகவே ஆவியின் கனி இருந்தால் போதும் என்று அண்ணன் சொல்வதை, ஆவியின் கனி இல்லாமல் இந்தத் திறன் ஆபத்து என்று திருத்திக்கொள்ள அனுமதி கேட்கிறேன். ஏனென்றால் கனியுள்ள நல்லவர்களும் துக்க வீட்டில் தவறிப் பேசுகிறார்கள் என்பதற்கு ஆசிரியர் ஐயாவே சாட்சி.


குளச்சலுக்கு அருகில், கல்லூரி ஆசிரியர்

நான் கத்தோலிக்கன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் பொங்கியபோது எனக்கு 20 வயது. எங்கள் பங்கின் இளைஞர்களோடு, கடற்கரை மக்கள் தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வாரம் உதவிக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் அங்கே இருந்தார். வருகிற ஒவ்வொரு குழுவும் அவரிடம் போய், எப்படி நடந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதையே கேட்டது. நாங்களும் போனோம். "உங்களுக்கும் நான் சொல்ல வேண்டுமா, மக்களே?" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், களைப்புதான் இருந்தது.

எங்களோடு வந்திருந்த அருட்சகோதரி ஒருவர் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நிவாரண அரிசியை ஒரு சுளகில் எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து புடைக்கத் தொடங்கினார். சகோதரிக்குப் புடைக்கத் தெரியாது. அரிசி பாதி தரையில் சிந்தியது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய் சுளகை வெடுக்கென்று வாங்கி, தாமே புடைத்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், தம் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். பிறகு ஒருவன் மீன் தலையைத்தான் விரும்பித் தின்பான் என்று சொன்னார். எங்கள் விவிலிய மொழிபெயர்ப்பில் "அழுவாரோடு அழுங்கள்" என்று இருக்கிறது. சகோதரி அழவும் இல்லை. ஆனால் அந்த வசனத்துக்கு அதைவிட நல்ல விளக்கவுரையை நான் இதுவரை படித்ததில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு இயேசு சபைக் குரு ஒருவர் நடத்திய தியானத்தில், நாளின் முடிவில் மனத்தை ஆய்ந்து பார்க்கும் முறையைக் கற்றேன். 1521இல் பம்பலோனா போரில் கால் முறிந்து படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களில் எவை கடந்துபோன பின்னும் மகிழ்வைத் தந்தன, எவை வறட்சியை விட்டுச் சென்றன என்று கவனிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை அது. அந்த முறையில் என்னை நானே கேட்டபோதுதான், அன்று அந்தத் தாயிடம் ஏன் அவ்வளவு கேள்வி கேட்டேன் என்று தெரிந்தது. அவருடைய மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. என் பயத்தைத் தணிக்க அவர் பேச வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். துக்க வீட்டில் அவசரமாக வசனம் சொல்கிறவர்களும், ஆசிரியர் ஐயா என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் தம் பதற்றத்துக்கே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.


சென்னை, மென்பொருள் பணியாளர்

நான் காயப்பட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை ஆண்டு மனச்சோர்வில் இருந்தேன். காலையில் எழுந்து பல் துலக்குவதே மலையேறுவதுபோல இருந்த நாட்கள் அவை. சபையில் சொன்னபோது, விசுவாசக் குறைவு என்றார் ஒருவர். மறைவான பாவம் ஏதேனும் இருக்கும், அறிக்கையிடுங்கள் பிரதர் என்றார் இன்னொருவர். 21 நாள் உபவாசம் இருக்கச் சொன்னார் மூன்றாமவர். ஏற்கெனவே சாப்பிட முடியாமல் 9 கிலோ குறைந்திருந்தவனுக்கு உபவாசம்.

எங்கள் பாஸ்டர் செய்தது வேறு. இரவு பத்து மணிக்கு என் அறைக்கு வந்து, கடைக்கு அழைத்துப் போய், இரண்டு பரோட்டா சாப்பிட வைத்து, தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாட்கள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய், வெளியே காத்திருந்தார். மாத்திரையைத் தொடங்கிய பிறகுதான் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து, அவன் மறுபடியும் படுத்துக்கொண்டபோது தூங்க விட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பிறகு ஓரேப் மலையில் கர்த்தர் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று இரண்டு முறை கேட்கிறார். இரண்டு முறையும் அவன் அதே புலம்பலைத்தான் சொல்கிறான். முதலில் சொன்னதையே சொல்கிறாயே என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. அந்த இடத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.


தூத்துக்குடி, வணிகர்

என் மகன் போன வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டாவது முறையாகத் தோற்றபோது, "எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறான். தம்பியைக் கொல்லவிருந்த காயீனிடம்கூடக் கர்த்தர் முதலில், "உன் முகநாடி ஏன் வேறுபட்டது" என்று கேட்டுத்தான் தொடங்கினார் என்பது இதையெல்லாம் வாசிக்கும்போது நினைவுக்கு வந்தது. தலைப்பின்மேல் எனக்குள்ள வருத்தம் அப்படியே இருக்கிறது. இன்று கடையைச் சீக்கிரம் அடைக்கிறேன்.


பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

குளச்சல் தம்பி எழுதியதில் பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அன்று எனக்குக் கை நடுங்கியது நினைவிருக்கிறது. வசனம் சொன்ன பிறகு நின்றது.

விட்டுப்போன ஒன்று. அந்தப் பையனின் பத்தாம் ஆண்டு நினைவு ஜெபத்தை நடத்தும்படி அவன் தகப்பனார் என்னைத்தான் அழைத்தார். எந்தப் பகுதியை வாசிக்கட்டும் என்று இந்த முறை அவரிடமே கேட்டேன். 88ஆம் சங்கீதம் என்றார். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியாவது ஒரு துதியில் போய் முடியும், இது முடியாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று சொல்லி, இருளிலேயே நின்றுவிடும். வாசித்து முடித்தேன். ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் தாயார், பத்தாண்டுகளில் முதல் முறையாக என்னைப் பார்த்து, "சார், வகுப்பில் அவன் எங்கே உட்காருவான்?" என்று கேட்டார். ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு என்றேன்.