தம்பி பங்குக்கு யார் கையெழுத்துப் போடுறது? (ஏற்காடு நிலம்)

ஏற்காடு_மிளகு:
அப்பா பேர்ல 1 ஏக்கர் 20 சென்ட் காபித் தோட்டம். அவர் காலமாகிட்டார். வாரிசு அம்மா, நான், தம்பி. தம்பிக்கு வயசு 24, அறிவுசார் குறைபாடு, யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போனா அவன் கையெழுத்து செல்லாதுங்கறாங்க. அம்மா போட்டா செல்லுமா? இன்னொண்ணு: பெரியப்பா ஸ்ட்ரோக் வந்து நினைவில்லாம இருக்கார். முன்னாடி எழுதிக் கொடுத்த பவரை (பொது அதிகாரப் பத்திரம்) வெச்சு அவர் வீட்டை விக்கலாமா?

அஸ்தம்பட்டி_கறுப்புக்கோட்டு:
பெத்த தாயே ஆனாலும் பிள்ளைக்கு 18 முடிஞ்சதும் அவனுக்காகக் கையெழுத்துப் போடுற உரிமை போயிடும். புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு தெரிஞ்சா பதிவுச் சட்டம் 35-ன்படி சார்பதிவாளர் மறுத்துத்தான் ஆகணும்.

தம்பிக்கு வழி 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்குத்தான் அது. கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர் அளவிலான குழு அவனுக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை (கார்டியன்) நியமிக்கும். படிவம் ‘ஏ’ பூர்த்தி பண்ணி, யுடிஐடி, வயசுச் சான்று, ஆதார், அப்பா இறப்புச் சான்று நகல்களோட சேலம் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. உத்தரவு வந்ததும் ஃபைல்ல வெச்சு மறந்துடுறதுதான் வழக்கமான தப்பு. காப்பாளர் 6 மாசத்துக்குள்ள குழுவுக்கு தம்பி சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாத்துக்கும் பட்டியல் தரணும். அப்புறம் வருஷா வருஷம் மார்ச் முடிஞ்சு 3 மாசத்துக்குள்ள கணக்கு.

கன்னங்குறிச்சி_சிவில்:
மேல சொன்னது சரி, ஆனா பாகப்பிரிவினைக்கு அது மட்டும் போதாது. அம்மாவும் பங்குதாரர், நீங்களும் பங்குதாரர். தன் பங்கையும் வாங்கிக்கிட்டு தம்பிக்காகவும் அதே ஆள் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தப் பத்திரம் நிக்காது. நிலத்துல பங்கில்லாத தாய்மாமா மாதிரி ஒருத்தர் காப்பாளரா இருக்கறது நல்லது. அதைவிடப் பாதுகாப்பான வழி பாகப்பிரிவினை வழக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 32 விதி 15-ல தம்பிக்குக் காப்பாளர் நியமிப்பாங்க. எதிர் நலன் உள்ளவரை நியமிக்க மாட்டாங்க. சமரசமாப் போனாலும் விதி 7-ன்படி கோர்ட் அனுமதி வாங்கியே ஆகணும். ‘தம்பி பங்கை விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கற பத்திரம்) போட்டு அண்ணனுக்கே எழுதிடலாம்’னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கோர்ட் முதல்ல பார்க்கறதே, அவனுக்கு என்ன கிடைச்சதுன்னுதான்.

வக்கீல் ஃபீஸ் பயம் வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பில்லாம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க, இல்ல 15100-க்குப் போன் பண்ணுங்க.

அஸ்தம்பட்டி_கறுப்புக்கோட்டு:
பெரியப்பா விஷயம் வேற. எழுதிக் கொடுத்தவர் சுவாதீனம் இழந்தா பவர் முடிஞ்சுபோகும், ஒப்பந்தச் சட்டம் 201. அதை வெச்சு வித்தா வாங்கறவர் தலையிலயும் விழும். ஸ்ட்ரோக்குக்கு நேஷனல் ட்ரஸ்ட் பொருந்தாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல வர்ற நியமனப் பிரதிநிதிக்கும் சிகிச்சை பத்தின முடிவு மட்டும்தான், சொத்துல கை வைக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போடணும். கோமாவுல இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளரா நியமிச்சு சொத்தை விக்க 2024-ல அனுமதிச்சிருக்காங்க. மருத்துவச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம் ரெண்டும் கையில இருக்கட்டும்.

கன்னங்குறிச்சி_சிவில்:
ஒண்ணு கேட்க மறந்துட்டேன். சாதிச் சான்று மலையாளி (கேரளக்காரர் இல்ல, இங்க மலைவாழ் பழங்குடி), எஸ்.டி.யா? அப்படின்னா இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 2(2)-ன்படி அந்தச் சட்டம் நேரடியாப் பொருந்தாது. யாருக்கு எவ்வளவு பங்குங்கறதே மாறலாம்.

ஏற்காடு_மிளகு:
ஆமாங்க, எஸ்.டி.தான்.

கன்னங்குறிச்சி_சிவில்:
அப்ப பத்திரத்தை நிறுத்திவைங்க. வக்கீல்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது இதைத்தான்.