யுடிகேட்-5: ஜி.டி. யாதவின் வினையூக்கி எதில் மாறுபட்டது?

கேள்வி: பசுமை வேதியியலில் மும்பை ஐசிடி (வேதியியல் தொழில்நுட்பக் கழகம்) ஜி.டி. யாதவின் பணியைப் படிக்கிறேன். அவரது யுடிகேட்-5 என்ற திண்ம அமில வினையூக்கி, சாதாரண சல்பேட் ஏற்றிய சிர்கோனியாவிலிருந்து (சிர்கோனியம் ஆக்சைடு) எப்படி வேறு?

பதில் 1: கந்தகம் ஏற்றும் கட்டத்தில்தான். சிர்கோனியம் ஆக்சிகுளோரைடு கரைசலில் அம்மோனியா விட்டு, பிஎச் 9-10இல் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கணும். குளோரைடு போகும்வரை கழுவணும். கழுவிய நீர் வெள்ளி நைட்ரேட்டில் கலங்கக் கூடாது. 120 டிகிரியில் உலர்த்தியதும், வழக்கமான முறையில் நீர்த்த கந்தக அமிலம் சேர்ப்பார்கள். யாதவ் எத்திலீன் டைகுளோரைடு என்ற கரிமக் கரைப்பானில் கரைத்த 0.5 மோலார் குளோரோசல்ஃபோனிக் அமிலத்தை, கிராமுக்கு 15 மி.லி. சேர்த்தார். பிறகு 650 டிகிரியில் 3 மணி நேரம் சுடணும். கந்தகம் 9% தங்குகிறது. அருமையான யோசனை!

பதில் 2: தண்ணீர் இல்லாததே சூட்சுமம். நீர்க்கரைசலில் சல்பேட்டைக் கூட்டினால் நுண்துளைகள் அடைபடும், சிர்கோனியாவின் டெட்ராகோனல் (நாற்கோண) படிக அமைப்பும் கெடும். பாத்திரத்தில் ஈரம் இருக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் குளோரோசல்ஃபோனிக் அமிலம் சீறித் தெறிக்கும்.

பதில் 3: இதில் பசுமை எங்கே என்றால், அசைலேற்ற வினையில் (கீட்டோன் தயாரிக்கும் வினை) வழக்கமான வினையூக்கியான அலுமினியம் குளோரைடு, விளையும் கீட்டோனோடு பிணைந்துகொள்வதால் மோலுக்கு மோல் என்ற அளவுக்கும் கூடுதலாகத் தேவை. பிரித்தெடுக்கத் தண்ணீர் ஊற்றினால் அமிலக் கழிவுதான் மிச்சம். யுடிகேட்-5 போன்ற திண்ம வினையூக்கியை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம்.