குடும்பக் குழுவில் ஒரு மிட்ஃபீல்ட் சண்டை

கார்த்தி: என் ஆல்டைம் கனவு ஃபுட்பால் டீம் ரெடி. மிட்ஃபீல்ட், அதான் நடு வரிசை, மட்டும் முதல்ல சொல்றேன்: ஜிடான், ரொனால்டினோ, ககா 🔥🔥

நான்: ஐயோ, சித்தப்பா பாத்துடப் போறார்

சித்தப்பா: பாத்துட்டேன்

சித்தப்பா: பந்தை யாருடா பிடுங்குவா?

கார்த்தி: பிடுங்கவே வேணாம் சித்தப்பா. இவங்க கால்ல இருந்து எவன் எடுக்கப் போறான்?

அத்தை: காலையிலேயே என்னடா சத்தம், யாரு யாருகிட்ட பிடுங்கினா

மதி அக்கா: அம்மா, ஃபுட்பால். நீங்க பயப்படாதீங்க

சித்தப்பா: 2006 உலகக் கோப்பை. பிரேசில், பிரான்ஸ் குவார்ட்டர் ஃபைனல். நீ சொன்ன மூணு பேரும் அன்னைக்கு ஒரே கிரவுண்ட்ல இருந்தாங்க

கார்த்தி: அட ஆமா

சித்தப்பா: ரொனால்டினோ, ககா ரெண்டு பேர் பிரேசில் பக்கம், ஜிடான் ஒத்தையா பிரான்ஸ் பக்கம். ஜெயிச்சது யாரு?

கார்த்தி: பிரான்ஸ் 1-0. ஜிடான் ஃப்ரீகிக், ஹென்றி கோல். அப்போ ஜிடான்தான் மத்த ரெண்டு பேரை விடப் பெரிய ஆளுன்னு சொல்றீங்க. ஒத்துக்கறேன்

சித்தப்பா: நான் அதைச் சொல்லவே இல்ல. ஜிடானுக்குப் பின்னாடி நின்னது யாருன்னு பாரு. மேக்கலேலே, வியேரா. பந்து போச்சுன்னா ஓடிப் போய் வாங்கிட்டு வர ரெண்டு பேர். ஜிடானுக்கு அப்போ வயசு 34. அந்த வயசுலயும் அப்படி விளையாட முடிஞ்சதுன்னா, பின்னாடி பாக்கவேண்டிய கவலையே அவனுக்கு இல்ல

நான்: மேக்கலேலே ரியல் மாட்ரிட்ல இருந்தவர்தானே?

சித்தப்பா: அதைக் கேட்டா எனக்கு இன்னும் வயிறு எரியும். 2003ல சம்பளம் கூட்டிக் கேட்டான், கொடுக்கல. இங்கிலாந்து கிளப் செல்சீக்கு அனுப்பிட்டாங்க. அதே கோடையில பெக்காம் வந்தாச்சு. முன்னாடி பூரா நட்சத்திரம், நடுவுல ஓட்டை. அந்த சீசன் லீக்ல மாட்ரிட்டுக்கு நாலாவது இடம். அடுத்த லீக் பட்டம் 2007லதான். செல்சீ 2004-05ல சாம்பியன், லீக் பூரா வாங்கினது 15 கோல்தான்

கார்த்தி: அதுக்கு கோச் மொரீனியோ, கீப்பர் செக், டிஃபெண்டர் டெர்ரின்னு காரணம் நிறைய இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஆள் கணக்குல எழுதாதீங்க

சித்தப்பா: சரி, பாதி அவன் கணக்கு

நான்: 😂

மதி அக்கா: மாமா, எனக்கு ஒரு சந்தேகம். 2005 பாலோன் டோர்ல, அதான் வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருதுல, ரொனால்டினோவுக்கு அடுத்து லேம்பார்ட், ஜெரார்ட். உலகத்துலயே ரெண்டாவது, மூணாவது ஆள் ஒரே நாட்டு மிட்ஃபீல்ட்ல. இங்கிலாந்து ஏன் ஒண்ணும் ஜெயிக்கல?

சித்தப்பா: மதி, நீதான் சரியான கேள்வி கேட்டிருக்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஆசை. பெனால்ட்டி பாக்ஸ் பக்கம் லேட்டா ஓடி வந்து அடிக்கணும். ஒருத்தன் போனா இன்னொருத்தன் நிக்கணும். நின்னவன் பாதி ஆளாயிடுவான். ரெண்டு பேரும் போனா எதிராளிக்கு நடு ரோடு காலி. இவங்களுக்கு இடம் பண்ண, அதே டீம்ல இருந்த ஸ்கோல்ஸை இடது பக்கம் தள்ளினாங்க பாரு, அதுதான் கொடுமை. 2004 யூரோ, அதான் ஐரோப்பிய நாடுகளோட கோப்பை, அதுக்கு அப்புறம் அவன் நாட்டுக்கு ஆடறதையே விட்டுட்டான்

கார்த்தி: சரி, உங்க மிட்ஃபீல்ட் எது? சொல்லுங்க பாப்போம்

நான்: ஏன்டா கேட்ட

சித்தப்பா: ரியல் மாட்ரிட்டோட காசெமிரோ, குரூஸ், மோட்ரிச்

சித்தப்பா: 2016, 2017, 2018, 2022. ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய கோப்பை சாம்பியன்ஸ் லீக். அந்த நாலு ஃபைனல்லயும் மூணு பேரும் ஆரம்பத்துல இருந்தே ஆடினாங்க, நாலும் ஜெயிச்சாங்க. ஆனா நான் சொல்ல வந்தது கோப்பையை இல்ல. பழைய மேட்ச் ஒண்ணைப் போட்டு பந்தை விட்டுட்டு இவங்களை மட்டும் பாருங்க. குரூஸ் இடது பக்கமா கீழே இறங்கி, நடு டிஃபெண்டருக்கும் லெஃப்ட் பேக்குக்கும் நடுவுல நின்னுக்குவான். அதைப் பாத்ததும் லெஃப்ட் பேக் மார்செலோ மேல கிளம்பிடுவான், அவன் இடம் காலியாகாது. வலது பக்கம் மோட்ரிச், பந்தோட ஓடிக் கூட்டத்தைத் தாண்டுற ஆள். இந்த ரெண்டு பேருக்கும் பின்னாடி காசெமிரோ. அவன் பாஸ் சுமார்தான், அதை யாரும் மறைக்கவும் இல்ல. குரூஸ் இருக்கும்போது அவன் ஏன் பாஸ் போடணும்? ஒருத்தன்கிட்ட இல்லாதது பக்கத்துல இருக்கறவன்கிட்ட இருந்தது

மதி அக்கா: இது நல்லா இருக்கு மாமா

அத்தை: டிவியில ஒருத்தன் எப்பப் பாத்தாலும் பின்னாடியே தட்டி விடுறானே, முன்னாடி கோல் இருக்கறது தெரியாதா அவனுக்கு? அவனுக்கும் சம்பளமா?

கார்த்தி: 😂😂😂

சித்தப்பா: அக்கா, அவனுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். முன்னாடி வழி அடைச்சிருக்கு. பின்னாடி தட்டினா எதிராளி ரெண்டு பேர் பந்தைத் துரத்தி வருவாங்க. அவங்க விட்டுட்டு வந்த இடத்துல அடுத்த பாஸ் போகும். புஸ்கெட்ஸ் பார்சிலோனாவுல வருஷக்கணக்கா பண்ணது அதுதான். அவன் ரெண்டு மீட்டர் பாஸ் போடுவான், கைதட்டு சாவிக்கும் இனியஸ்டாவுக்கும்

அத்தை: வீட்டைப் பூட்டிட்டுக் கடைசியா வெளிய வர்ற ஆள் மாதிரி. அவருக்கும் யாரும் நன்றி சொல்றதில்ல

நான்: அத்தை 👏

கார்த்தி: சரி, ஒரே ஆள்தான் எல்லாத்தையும் தாங்கறான்னா, 2024 யூரோ ஃபைனல்ல ஸ்பெயினோட நடு ஆள் ரோட்ரி பாதியிலேயே வெளிய போயிட்டானே. ஸ்பெயின் 2-1ன்னு ஜெயிச்சதே?

மதி அக்கா: ஆனா அதே வருஷம் செப்டம்பர்ல அவனுக்கு முட்டி போனப்போ அவனோட கிளப் மான்செஸ்டர் சிட்டி என்னாச்சு? தொடர்ந்து நாலு தடவை லீக் ஜெயிச்ச டீம். அந்த சீசன்ல ஒரு கட்டத்துல வரிசையா அஞ்சு மேட்ச் தோத்தாங்க. முடிவுல மூணாவது

சித்தப்பா: வித்தியாசம் இதுதான். ஸ்பெயின்ல ரோட்ரி போனதும் சுபிமெண்டி வந்தான், அதே வேலை தெரிஞ்ச ஆள். சிட்டியில அந்த வேலையைச் செய்ய இன்னொருத்தன் இல்ல. ஆள் போகலாம், வேலை போகக்கூடாது

நான்: 2022 உலகக் கோப்பையில அர்ஜென்டினா கூட இந்தக் கதைதான் சித்தப்பா. முதல் மேட்ச்ல சவூதிகிட்ட தோத்தப்போ நடுவுல டி பால், பரேடெஸ், பாப்பு கோமெஸ். மூணாவது மேட்ச்ல டி பால், என்ஸோ, மெக் அலிஸ்டர். டி பால் மெஸ்ஸிக்காகவும் சேத்து ஓடுவான், என்ஸோ ஆட்டத்தை நடத்துவான், மெக் அலிஸ்டர் ரெண்டு பக்கமும் போய் வருவான். உலகமே மெஸ்ஸியைத்தான் பாத்துச்சு. நான் அந்த மூணு பேரைப் பாத்தேன்

கார்த்தி: பொய். நீயும் மெஸ்ஸியைத்தான் பாத்த

நான்: அவரையும் பாத்தேன்

கார்த்தி: இருங்க சித்தப்பா, உங்களை மாட்டிவிடறேன். 2025 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். பாரீஸ் கிளப் பிஎஸ்ஜி 5, இத்தாலி கிளப் இன்டர் 0. நடுவுல விட்டீன்யா, ஜோவாவ் நெவெஸ், ஃபாபியான் ரூயிஸ். இதுல காசெமிரோ யாரு? மூணு பேருமே பந்து விளையாடற பசங்க

மதி அக்கா: மாமா டைப்பிங்… டைப்பிங்… 👀

சித்தப்பா: நல்ல கேள்விதான்

சித்தப்பா: அங்க காசெமிரோ யாரும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அவன் வேலை இருந்தது. மூணு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டாங்க. நெவெஸ் மேல போனா ஃபாபியான் நிப்பான், விட்டீன்யா நகர்ந்தா நெவெஸ் வருவான். அதோட முன்னாடி டெம்பெலே பண்ண பிரெஸ்ஸிங்கைப் பாரு, எதிராளிகிட்ட பந்து இருக்கும்போதே ஓடி நெருக்கறது. பந்து பின்னாடி வர்றதுக்குள்ளயே பாதி சண்டை முடிஞ்சுது. பத்து பேரும் ஓடத் தயாரா இருந்தா, வேலிக்குன்னு தனி ஆள் வேணாம்

கார்த்தி: அப்போ உங்க விதி உடைஞ்சுது

சித்தப்பா: விதின்னு எப்ப சொன்னேன்? ஒரே மாதிரி மூணு பேர் வேணாம்னேன். இல்லன்னா மூணு பேருக்கும் மூணு வேலையும் தெரியணும். இந்த ரெண்டாவது வழி ரொம்பக் கஷ்டம், அமையறது அபூர்வம்

அத்தை: எனக்கு இவ்வளவு பேர் ஞாபகம் இருக்காது தம்பி. அடுத்த மேட்ச்ல யாரைப் பாக்கணும்னு ஒரு பேர் மட்டும் சொல்லு

சித்தப்பா: விட்டீன்யா, அக்கா. பிஎஸ்ஜி சட்டையில 17. பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே தலையைத் திருப்பித் திருப்பி சுத்தி யாரு நிக்கறான்னு பாத்துக்குவான். அதை மட்டும் கவனிங்க

அத்தை: 17. சரி. பின்னாடி தட்டினா மட்டும் திட்டுவேன்