ஜிபியு ஃபேன் சத்தம் தாங்க முடியல, மெமரி சூடு குறைக்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, கிராஃபிக்ஸ் கார்டை பிரிச்சு வேலை பாத்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் உதவுங்க. என்கிட்ட இருக்கறது 24 ஜிபி, 350 வாட்ஸ் கார்டு, பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் வேலைக்காக செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ரெண்டர் ஓடும்போது கோர் (மெயின் சிப்) 68 டிகிரிதான், ஆனா மெமரி ஜங்ஷன், அதாவது மெமரி சிப்புக்கு உள்ள இருக்கற சூடு, 106, 108னு நிக்குது, அதுக்காகவே மூணு ஃபேனும் ஃபுல் ஸ்பீடுல கத்துது, பக்கத்து ரூம்ல அம்மா தூக்கம் கெட்டு எந்திரிச்சு வந்துடறாங்க.

இதுல ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி சிப்புல பாதி போர்டுக்கு பின்பக்கம் இருக்கு, அங்க ஃபேன் கிடையாது, வெறும் பேக்பிளேட்தான், தொட்டா கை சுடுது. மெமரி சூடு 110 டிகிரியை எட்டுனா மெமரி ஸ்பீடு தானா குறைஞ்சு ரெண்டரும் இழுக்குது.

ஆஃப்டர்பர்னர்ங்கற கார்டு செட்டிங் மாத்தற சாஃப்ட்வேர்ல 0.850 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ்னு அண்டர்வோல்ட் பண்ணேன் (கோருக்கு போற வோல்டேஜை குறைச்சேன்), பவர் நல்லாவே குறைஞ்சுது, ஆனா மெமரி சூடு லேசாத்தான் இறங்குச்சு, கேஸ் சைடு பேனலை கழட்டியும் பாத்துட்டேன். காயில் வைன் (கார்டுல இருக்கற காயில்ல இருந்து வர்ற கீச் சத்தம்) இல்ல, ஃபேனை குறைச்சா சத்தம் உடனே அடங்குது.

இப்ப மெமரி சிப்புல இருந்து கூலருக்கு சூட்டை கடத்தற தெர்மல் பேட் மாத்தலாம்னு இருக்கேன், பயம் என்னன்னா பேட் தடிமன் ஜாஸ்தியாயிட்டா கூலர் கோர் மேல சரியா உக்காராது. 1.5 எம்எம்மா 2 எம்எம்மான்னு பழைய பேடை அளந்து எப்படி முடிவு பண்றது, அமுங்கிப்போன பேட் அளவை நம்பலாமா? இல்ல கார்டை பிரிக்காமலே பேக்பிளேட் மேல அலுமினியம் ஹீட்சிங்க் ஒட்டி ஒரு 120 எம்எம் ஃபேன் வச்சா போதுமா? செஞ்சு பாத்தவங்க முன்ன எவ்ளோ டிகிரி, பின்ன எவ்ளோன்னு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.