ரோஹின்டன் மிஸ்திரி: எதில் தொடங்கலாம்?

கேள்வி: வங்கி வேலையில் இருந்தவர் நாவலாசிரியர் ஆனது எப்படி? அவருடைய எந்த நாவலை முதலில் எடுப்பது?

பதில்: 1952-ல் மும்பையில் பிறந்த பார்சி. 1975-ல் கனடா போய், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே டொரான்டோ பல்கலைக்கழகத்தில் படித்தார். முதலில் சிறுகதைகள், தொகுப்பு வந்தது 1987-ல். நாவல்கள் மூன்றுதான், மூன்றுமே புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில்!

இன்னொரு பதில்: 'சச் எ லாங் ஜர்னி' (1991) எடுங்க. 1962 சீனப் போரின்போது வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் 1971-லும் கிழிபடாமல் இருக்கும்; அந்த வீட்டு இருட்டு மனசை விட்டுப் போகாது. 'எ ஃபைன் பேலன்ஸ்' நெருக்கடி நிலைக் காலத்துக் கதை, 600 பக்கம். அதில் ஆரம்பித்தால் பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

கேட்டவர்: நன்றி, அப்படியே செய்கிறேன்.