கொப்பி பெட்டிக்கு கீறின படம் பிரிண்ட்ல மங்குது, ஹெல்ப் பண்ணுங்கோ

கேள்வி: நாங்க நாலு பேர், டிசைன் படிக்கிறம், மாசம் ஒருக்கா கொப்பி, பேனை, ஸ்டிக்கர் எல்லாம் பெட்டியில வீட்டுக்கு அனுப்புற சந்தா ஒண்டுக்கு படம் செய்யிறம். கொப்பி அட்டைக்கு கொழும்பு காலிமுகத்திடல் பின்னேர வானம் கீறினம், ஸ்கிரீன்ல செம்மஞ்சள் அப்பிடியே எரியுது, பிரிண்ட் எடுத்தா செங்கல் தூள் மாதிரி கிடக்கு. நாளைண்டைக்கு காட்டோணும்.

பதில்: தங்கச்சி, ஃபைல் ஆர்ஜிபில, அதான் ஸ்கிரீன்ர சிவப்பு-பச்சை-நீல வெளிச்ச முறையில தானே கிடக்கு? மை அந்த வெளிச்சத்த முழுசா தராது. பிரிண்ட்ர நாலு மை முறையான சிஎம்வைகேக்கு மாத்திப்போட்டு செம்மஞ்சளுக்குள்ள இருக்கிற சியான் எண்ட நீல மைய பூச்சியமாக்குங்கோ, அதுதான் அழுக்கா காட்டுறது. கொப்பி ஏ5 அளவு எண்டா 148×210 மில்லிமீட்டர், படத்த சுத்திவர 3 மில்லிமீட்டர் கூட நீட்டி விடுங்கோ, இல்லாட்டி வெட்டேக்க ஓரத்தில வெள்ளைக் கோடு விழும்.

பதில்: தாளையும் பாருங்கோ, பூச்சில்லாத தாள் மைய உறிஞ்சிப்போடும். புறக்கோட்டை மலிபன் வீதியில ரெண்டு மூண்டு வகை வாங்கி அடிச்சுப் பாருங்கோ. முக்கியமா தமிழ் எழுத்த அவுட்லைன், அதான் ஃபொன்ட் தேவைப்படாத வெறும் வடிவம் ஆக்கிக் குடுங்கோ, எங்கட ஸ்டிக்கர்ல ஒருக்கா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டது, 200 தாள் வீண், எனக்கு அழுகையே வந்திட்டுது.

கேட்டவர்: சியான எடுத்தோன்ன பளிச்செண்டு வந்திட்டுது அண்ணா!! நாளைக்கு காலமை தாள் பாக்க போறம்.